நிகழாத நிகழ்காலம்

திருகோணமலைக்குச் செல்லும் புகையிரதம் தம்பலகாமத்தைக் கடந்து, குடாக்கரையை அணுகி, சீனன்குடா நிலையத்தில் நிற்கும். நிலையத்தை அடுத்து விமானத்தளம்; கரையோரமாகக் கோதுமை மா ஆலை; அப்பால், காட்டினூடே, பிரித்தானியர் தங்கள் கடற்படைக்கென அமைத்துவிட்டுப் போன எண்ணெய்க் குதங்கள். இவ்வூரில் ஆங்கிலம் நூலகத்து அலமாரியில் உறங்கும் மொழியன்று. விமானத்தின் பராமரிப்புக் கைந்நூலும், கப்பலின் சரக்குப் பத்திரமும், ஆலையின் இயந்திர விளக்கமும் அம்மொழியிலேயே பேசுகின்றன. அவற்றிற் பெரும்பகுதி ஒரே ஒரு வினை வடிவத்தில் எழுதப்பட்டிருக்கும். ஆங்கில இலக்கணத்தார் அதனைச் ‘சிம்பிள் பிரெசென்ற்’ என்பர். தமிழ் மாணாக்கருக்கு அது ‘சாதாரண நிகழ்காலம்’ என்ற பெயரிற் கற்பிக்கப்பட்டு வருகிறது. அப்பெயர் பொருந்தாதது என்பதும், அப்பெயரோடு சேர்த்துக் கற்பிக்கப்படும் வாய்பாடு தலைமுறை தலைமுறையாக மாணாக்கரை வழிதவறச் செய்துள்ளது என்பதும், வழியைக் காட்டவல்ல விளக்கு தமிழிலக்கணத்திலேயே இருந்தும் அது ஏற்றப்படவில்லை என்பதும் ஈண்டு எடுத்துக்காட்டப்படும்.

சீனன்குடாவிலிருந்து பல்கலைக்கழகம் புகும் மாணவன் ஒருவனைக் கொள்க. தந்தை மா ஆலையிற் பணியாற்றுபவர். தந்தையின் அன்றாட வாழ்க்கையைப் பற்றி ஆங்கிலத்திற் சொல்லுமாறு கேட்கப்பட்டதும் அவன், ‘எவ்ரி டே ஹி இஸ் கோயிங் டு த மில்’ என்கிறான். இது தெரியுமா என்று வினவினால் ‘ஐ ஆம் நோயிங்’ என்கிறான். நகரத்துப் பெரிய பாடசாலைகளிலிருந்து வந்தோர் புன்முறுவல் செய்கின்றனர். விரிவுரையாளர் சிவப்பு மையாற் கோடிடுகிறார். அதன்பின் அம்மாணவன் வாய் திறப்பதில்லை. பத்தாண்டளவு ஆங்கிலம் கற்றும் ஒரு வாக்கியம் சரிவரச் சொல்லத் தெரியாதவன் என்ற பழி அவன் மீது விழுகிறது. உண்மையில் அவன் கற்பித்ததைக் கற்றவன். பிழை கற்பித்த வாய்பாட்டிலேயே இருக்கிறது.

அவ்வாய்பாடு யாவரும் அறிந்தது. ‘ஐ கோ’ என்றால் ‘நான் போகிறேன்’. ‘ஐ ஆம் கோயிங்’ என்றால் ‘நான் போய்க்கொண்டிருக்கிறேன்’. ‘ஐ வில் கோ’ என்றால் ‘நான் போவேன்’. கரும்பலகையில் நெடுங்காலமாக எழுதப்பட்டு வரும் இம்மூன்று வரிகளும் கண்ணுக்கு அழகாக ஒழுங்குபட்டு நிற்கின்றன. சோதித்துப் பார்த்தால் மூன்றில் இரண்டு வரி உடனே உடைந்துபோகும். வீட்டு வாசலில் செருப்பை மாட்டியவாறே மகள் தாயிடம் ‘நான் போகிறேன், அம்மா’ என்கிறாள். வாய்பாட்டின்படி இது ‘ஐ கோ’ ஆதல் வேண்டும். ஆங்கிலேயர் எவரும் அவ்விடத்தில் அப்படிச் சொல்லார். ‘ஐ ஆம் கோயிங்’ என்றே சொல்வர். குடாக்கரை மீனவர் ஒருவர் தம் வாழ்க்கையைக் கூறுமிடத்து, ‘விடியுமுன் கடலுக்குப் போவேன், வெயில் ஏறத் திரும்புவேன்’ என்கிறார். வாய்பாட்டின்படி இவை ‘ஐ வில் கோ’, ‘ஐ வில் ரிட்டேர்ன்’ என்றாகும். அவர் நாளைய திட்டத்தையா கூறினார்? நாள்தோறும் செய்வதைக் கூறினார். ஆங்கிலத்தில் அது ‘ஐ கோ’, ‘ஐ ரிட்டேர்ன்’ என்றே அமையும். ஆக, ‘போகிறேன்’ என்பதற்கு எதிரே எழுதப்பட்டது ‘போவேன்’ என்பதற்கும், ‘போய்க்கொண்டிருக்கிறேன்’ என்பதற்கு எதிரே எழுதப்பட்டது ‘போகிறேன்’ என்பதற்கும் உரியனவாக மாறிநிற்கக் காண்கிறோம். அன்றாடப் பேச்சின் முதல் இரண்டு வாக்கியங்களுக்கே நின்றுபிடிக்காத வாய்பாட்டை இலக்கணம் என்று எவ்வாறு கூறுவது?

ஆங்கிலத்தின் இவ்வடிவம் செய்யும் பணிகள் யாவை? முதலாவது, என்றும் உள்ள உண்மையைக் கூறுதல்: மகாவலி கொட்டியாரக் குடாவிற் கடலோடு கலக்கும். இரண்டாவது, வழக்கத்தைக் கூறுதல்: மீனவர் விடியுமுன் கடலுக்குப் போவர். மூன்றாவது, வகுத்த நேர ஒழுங்கைக் கூறுதல்: வண்டி ஏழு மணிக்குப் புறப்படும். நான்காவது, பொறியோ அமைப்போ இயங்கும் முறையைக் கூறுதல்: குழாய் எண்ணெயைக் குதத்திலிருந்து இறங்குதுறைக்குக் கொண்டுசெல்லும். ஐந்தாவது, அறிவு, விருப்பு, தேவை முதலிய நிலைகளைக் கூறுதல்: எனக்குத் தெரியும், எனக்குப் பிடிக்கும், எனக்கு வேண்டும். இவ்வைந்தினையும் ஆங்கிலத்தில் எழுதினால் ஐந்தும் அந்த ஒரே வடிவத்தில் வரும். தமிழில் எழுதியபோதோ ஐந்தினும் ‘-கிறு’ என்ற நிகழ்கால இடைநிலை ஓரிடத்தேனும் தலைகாட்டவில்லை. ‘கலக்கும், புறப்படும், கொண்டுசெல்லும், தெரியும், பிடிக்கும், வேண்டும்’ என ‘செய்யும்’ என்னும் வாய்பாட்டு வினைகளும், ‘போவர்’ என அதற்கு இனமான வகர இடைநிலை பெற்ற வினையுமே வந்து நின்றன. இக்கட்டுரையின் முதல் வாக்கியம் ‘நிற்கும்’ என முடிகிறது. அதனைப் படித்தவர் எவரும் நாளை நிற்கப்போகும் ஏதோவொரு வண்டியை நினைத்திரார்.

இவ்வொற்றுமை தற்செயலானதன்று. இரு மொழிகளின் வரலாறும் இவ்விடத்தில் ஒரு திசையிலேயே நடந்துள்ளது. பழைய ஆங்கிலத்தில் எதிர்காலத்துக்கெனத் தனி வினை வடிவம் இருந்ததில்லை. இறந்தகாலம் ஒன்று, இறவாத காலம் ஒன்று என்ற அளவிலேயே வினை பிரிந்தது. பின்னரே ‘-இங்’ ஈற்றோடு கூடிய தொடர்வினை வளர்ந்து, கண்முன் நடைபெறுவதைக் கூறும் உரிமையைத் தனதாக்கிக்கொண்டது. பழைய வடிவத்துக்கு எஞ்சியவை வழக்கமும் நிலைபேறுமே. தமிழிலும் ‘கின்று’, ‘கிறு’ முதலியன சங்கச் செய்யுளில் அருகியே காணப்படுகின்றன. பிற்காலத்திற் பெருகி, கண்முன் நிகழ்வதைக் கூறும் உரிமையைக் கைக்கொண்டன. ‘செய்யும்’ என்ற பழைய வடிவுக்கு எதிர்காலமும், அதனோடு வழக்கமும் நிலைபேறும் எஞ்சின. புதியது ஒன்று வந்து ‘இப்பொழுது’ என்பதைப் பறித்துக்கொள்ள, பழையது ‘எப்பொழுதும்’ என்பதோடு நின்றுவிட்ட கதையே இரண்டிடத்தும் காணப்படுவது. வாய்பாடு எழுதியவர்கள் ஆங்கிலத்தின் பழையதைத் தமிழின் புதியதோடு முடிச்சுப் போட்டுவிட்டனர். அவிழ்க்க முடியாத சிக்கல் அன்று தொடங்கியதாகும்.

தமிழிலக்கணத்தார் இதனை அறியாதிருந்தாரல்லர். மூன்று காலத்தும் ஒரு தன்மையாய் நிலவும் பொருளைக் கூறுமிடத்து, நிகழ்காலத்துக்குரிய ‘செய்யும்’ என்னும் பொதுச்சொல்லாலேயே கூறவேண்டும் என்பது தொல்காப்பிய வினையியலின் விதி. மலையும் ஆறும் ஞாயிறும் போன்ற பொருள்களுக்கு இறப்பும் எதிர்வும் வேறாக இல்லை. எனவே காலப் பிரிவுக்கு அப்பாற்பட்ட சொல்லொன்று அவற்றுக்கு வேண்டியிருந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூலிலே ‘செய்யும்’ என்பது நிகழ்வும் எதிர்வும் ஆகிய இரு காலத்துக்கும் உரியது எனத் தெளிவாக வகுத்தார். ஆங்கில மொழியறிஞர் அம்மொழியை ஆராய்ந்து, அதன் வினைக்கு இறந்தகாலம், நிகழ்காலம் என இரண்டு வடிவங்களே உண்டு, எதிர்காலம் என்று ஒரு தனி வடிவம் இல்லை என்று பேரிலக்கணம் எழுதியது 1985 இல் ஆகும். குவேர்க், கிரீன்போம், லீச், சுவார்ட்விக் என்னும் நால்வர் செய்த நூல் அது. அந்நால்வர் கூறும் ஆங்கில நிகழ்காலத்தின் பரப்பை விளங்கிக்கொள்ளத் தமிழ் மாணவனுக்கு வேண்டிய கருவி பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே அவன் கையில் தரப்பட்டிருந்தது. தமிழ்ப் பாடவேளையில் அதனை மனனம் செய்தான்; மணி அடித்ததும் ஆங்கில ஆசிரியர் வர, அதனைப் புத்தகப் பையிற் போட்டு மூடிவிட்டான்.

நிலை உணர்த்தும் வினைகளிடத்தில் இவ்வுறவு இன்னும் நெருக்கமானது. அறிதல், விரும்புதல், வேண்டுதல் ஆகியவற்றைக் குறிக்கும் வினைகளை ஆங்கிலத்தில் ‘-இங்’ ஈறு கொடுத்து வழங்குதல் வழுவாகும் என்று மாணாக்கருக்கு ஒரு பட்டியல் தரப்படுகிறது. ஏன் வழு என்பதற்குக் காரணம் கூறுவார் அரியர். பட்டியலை மனனம் செய்க என்பதே கட்டளை. காரணம் அவர்கள் வீட்டு முற்றத்திலேயே இருக்கிறது. ‘அவரை உனக்குத் தெரியுமா?’ என்று கேட்டால், ‘தெரிந்துகொண்டிருக்கிறது’ என்று எந்தத் தமிழ்க் குழந்தையாவது விடை கூறுமா? ‘எனக்குத் தண்ணீர் வேண்டிக்கொண்டிருக்கிறது’ என்று கேட்குமா? தமிழிலும் இவை நடைபெறும் செயல்களாகக் கருதப்படுவதில்லை. நிலைகளாகவே கருதப்பட்டு, ‘தெரியும், வேண்டும், பிடிக்கும், புரியும்’ என ‘உம்’ ஈற்றோடு உறைந்து நிற்கின்றன. ‘ஐ ஆம் நோயிங்’ என்பது தமிழின் தாக்கத்தால் விளையும் பிழை என்று கூறிவருவோர் தமிழை ஒருகணமும் உற்றுக் கேட்டிலர். தமிழின் வழி நின்றிருந்தால் அப்பிழை அவன் நாவில் வந்திராது. அறைகுறை வாய்பாட்டின் தாக்கமே அது.

ஆங்கிலத்தில் படர்க்கை ஒருமைக்கு மட்டும் வினையின் ஈற்றிற் சேரும் ‘ஸ்’ என்ற ஒலியும் இத்தகையதே. ‘ஐ கோ’, ‘யூ கோ’, ‘தே கோ’ எனச் செல்லும் வினை ‘ஹி கோஸ்’ என ஏன் மாறவேண்டும் என்று மாணாக்கர் மலைக்கின்றனர். ஆங்கிலத்தின் காரணமற்ற குறும்பு இது என்று ஆசிரியரும் நகைத்து விடுகிறார். ‘செய்யும்’ என்னும் முற்று தன்மையிலும் முன்னிலையிலும் பலர்பாற் படர்க்கையிலும் வாராது, ஏனைப் படர்க்கையிலேயே வரும் என்பது நன்னூல் விதி. அவன் வரும், அவள் வரும், அது வரும் என்பன மரபு; நான் வரும், நீ வரும், அவர் வரும் என்பன வழு. பலவின்பாலிடத்து மட்டும் இரு மொழியும் பிரிகின்றன. பொதுமையைக் கூறும் வடிவம் படர்க்கையில் தனித்ததோர் உருவம் கொள்வது தமிழனுக்குப் புதுமையன்று என்பதை இவ்வொரு விதியை நினைவூட்டினாலே மாணவன் உணர்ந்துகொள்வான்.

இதற்கு மறுப்புரைப்போர் சிலர் உளர். ஆங்கில வகுப்பிலே தாய்மொழி நுழைதலே ஆகாது; ஆங்கிலத்தை ஆங்கிலத்தாலேயே கற்பிக்க வேண்டும் என்பர் ஒரு சாரார். வாசலை அடைத்துவிட்டால் தமிழ் வெளியே நின்றுவிடும் என அவர் கருதுகின்றனர் போலும். மாணவனின் மனத்தினுள்ளே தமிழ் முன்னரே குடியிருக்கிறது. ஆசிரியர் மொழிபெயர்க்க மறுத்தால் மாணவன் மௌனமாகத் தானே மொழிபெயர்த்துக்கொள்வான். அப்போது அவனுக்குத் துணையாவது அண்ணன்மார் எழுதிவைத்த அதே மூன்று வரி வாய்பாடுதான். தமிழைப் பயன்படுத்துவதா இல்லையா என்பது ஈண்டு வினாவன்று. நல்ல தமிழிலக்கணத்தைப் பயன்படுத்துவதா, பொய்யான தமிழிலக்கணத்தைப் பயன்படுத்துவதா என்பதே வினா.

‘அவர் வங்கியில் வேலை செய்கிறார்’ என்று தமிழ் நிகழ்காலமும் வழக்கத்தைக் குறிக்கிறதே என்பர் வேறொரு சாரார். உண்மை. ‘கிறு’ இப்பொழுது நிகழ்வதற்கும் வரும், வழக்கத்துக்கும் வரும். அதனாலேயே அது ஆங்கிலத்தின் இரு வடிவங்களையும் பிரித்தறிய உதவாது. பிரிக்கவல்லது ‘செய்யும்’ என்பதே. ‘அவர் வங்கியில் வேலை செய்வார், மாலையில் தோட்டம் கொத்துவார்’ என்று வழக்கப் பொருளில் மாற்றிச் சொல்லிப் பார்க்கலாம். ‘அவர் இதோ கையொப்பமிடுகிறார்’ என்பதனை அவ்வாறு மாற்ற இயலாது. ‘செய்யும்’ எதிர்காலத்தையும் குறிக்குமே என்றால், ‘வழக்கமாக’ அல்லது ‘என்றும்’ என்ற சொல்லை முன்னே சேர்த்துப் பார்த்தல் வேண்டும். பொருள் திரியாது நின்றால் ஆங்கிலத்தில் இவ்வடிவம். ‘நாளை’ என்ற சொல்லையே அது வேண்டி நின்றால், நேர ஒழுங்கு நீங்கலாக, எதிர்கால அமைப்பு. ‘நினைக்கிறேன்’, ‘நம்புகிறேன்’, ‘உறுதியளிக்கிறேன்’ போன்ற சில இவ்வளவைக்கு அடங்காமல் ‘கிறு’ ஏற்று வரும் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. விலக்குகளை எண்ணிக் காட்டக்கூடிய விதி, விதியே எண்ணிக்கையில் விலக்காகிப்போன வாய்பாட்டிலும் மேலானதன்றோ!

இலக்கணமே வேண்டாம், பேசப் பேச வந்துவிடும் என்பர் மூன்றாம் சாரார். பேசுவதற்கு வீட்டிலும் சுற்றத்திலும் ஆள் உள்ளவர்க்கு அது வரும். சீனன்குடாவிலும் தம்பலகாமத்திலும் மூதூரிலும் ஆங்கிலத்தை வகுப்பறையில் மட்டும் கேட்கும் பிள்ளைக்கு விதியே ஏணி. ஏணி வேண்டாம் என்று சொல்பவர் முன்னரே மாடியில் இருப்பவர்.

இவ்வொரு வினை வடிவத்துக்கு இத்தனை வாதம் எதற்கு எனலாம். விமானத் தொழிலை நோக்குக. பராமரிப்புக் கைந்நூல்களைப் பிறமொழியாளரும் ஐயமின்றி உணரும் வண்ணம் எழுதுதற்கென ஐரோப்பிய விமானத் தொழில்துறையினர் 1986 இல் ஒரு விதித்தொகுதியை வெளியிட்டனர். இன்று ‘எளிமைப்படுத்திய தொழினுட்ப ஆங்கிலம்’ என வழங்கும் அவ்விதிகள், ‘-இங்’ ஈற்றுத் தொடர்வினையை விலக்கி, எளிய காலவடிவங்களையே ஏற்கின்றன. பொறி எவ்வாறு இயங்கும் என்பதைக் கூறும் வாக்கியமெல்லாம் இவ்வடிவத்திலேயே அமையும். குழாய் எண்ணெயை வழங்கும் என்பதனை, குழாய் இப்பொழுது எண்ணெயை வழங்குகிறது என்று படிப்பவன் இலக்கணப் பிழையோடு நில்லான்; குழாயைத் திறக்கும்போது உயிர்ப்பிழையும் செய்யக்கூடும்.

விமானத்தளத்துக்கு வெளியேயும் இதன் தேவை குறைந்ததன்று. சீனன்குடாவுக்குத் தெற்கே, குடாவின் மறுகரையிலுள்ள கொட்டியாரத்தில் 1660 இல் றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயன் சிறைப்பட்டான். கண்டி இராச்சியத்தில் ஏறக்குறைய இருபதாண்டு இருந்து தப்பிச் சென்று, 1681 இல் இலங்கையைப் பற்றி நூல் வெளியிட்டான். இந்நாட்டு மக்கள் இவ்வாறு உழுவர், இவ்வாறு உண்பர், இவ்வாறு வணங்குவர் என்று அவன் எழுதுவது இதே வடிவத்திலாகும். தான் கண்டவற்றை ஒரு மக்கட் கூட்டத்தின் மாறா இயல்பாக உயர்த்திவிடும் ஆற்றல் இவ்வடிவத்துக்கு உண்டு. ‘1942 ஏப்பிரல் 9 ஆம் நாள் யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின’ என்ற வாக்கியத்தை ஆவணங்களோடு ஒப்பிட்டு மெய்யோ பொய்யோ என அறியலாம். ‘இம்மக்கள் இத்தகையோர்’ என்ற வாக்கியம் நாளும் ஆண்டும் இன்றி நிற்பது, ஆவணத்துக்கு அகப்படாது. அதனை ‘நிகழ்காலம்’ என்று மட்டும் கற்ற மாணவன் அது கோரும் பேருரிமையைக் காணமாட்டான். பல்கலைக்கழகத்தில் வரலாறும் சமூகவியலும் ஆங்கில நூல்வழிப் பயில்வோர்க்கு இக்கண் திறத்தல் இன்றியமையாதது.

1987 இல் நிறைவேறிய அரசியலமைப்பின் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கி, ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்றது. இணைப்பு மொழியென்று சட்டத்தில் எழுதினால் மட்டும் இணைப்பு நேர்ந்துவிடாது. சீனன்குடாவிலே தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அருகருகே தொழில் செய்கின்றனர். சிங்களப் பேச்சுமொழியிலும் ‘யனவா’ என்ற ஒரே வினை போகிறேன் என்பதற்கும் போவேன் என்பதற்கும் வழக்கமாகப் போதலுக்கும் வரும். அம்மொழி வினையும் இறந்தது, இறவாதது என்றே பிரிகிறது. ஆங்கிலம் கற்கும் இரு மொழிப் பிள்ளைகளின் தாய்மொழிகளிலும் இவ்வடிவத்துக்கு உறவு இருக்க, இரு சாராரையும் அந்நியராக்கி அச்சுறுத்தும் முறையை இன்னும் பேணுவது எவ்வகையில் நியாயம்?

செய்யவேண்டியது பெரிதன்று. ‘சாதாரண நிகழ்காலம்’ என்ற பெயரை நீக்கி, தொல்காப்பியர் காட்டிய ‘பொது’ என்ற சொல்லைக் கொண்டே ‘பொதுக்காலம்’ என இவ்வடிவத்துக்குப் பெயரிடலாம். மூன்று வரி வாய்பாட்டை அழித்துவிட்டு, ‘தெரியும், வேண்டும், பிடிக்கும், புறப்படும், கலக்கும்’ என்ற ஐந்து சொற்களை முதற்பாடமாக எழுதலாம். பல்கலைக்கழகங்களின் தமிழ்த்துறையும் ஆங்கிலம் கற்பிக்கும் பிரிவும் ஒரு மேசையில் அமர்ந்து, முதலாண்டு மாணாக்கருக்கென இரு மொழி வினைகளையும் ஒப்பிடும் சிறுநூல் ஒன்றை ஆக்கலாம். தமிழிலக்கணம் தேர்வுக்காக மட்டும் சுமக்கப்படும் பழம்பொருளன்று, பிறமொழிக் கதவைத் திறக்கும் திறவுகோல் என்பதை அச்சிறுநூலே நிறுவிவிடும்.

மா ஆலைத் தொழிலாளியின் மகன் அப்போது தலைநிமிர்ந்து தன் தந்தையைப் பற்றி ‘ஹி கோஸ் டு த மில் எவ்ரி டே’ என்று கூறுவான். ‘அப்பா நாள்தோறும் ஆலைக்குப் போவார்’ என்று வீட்டில் அவன் ஆயிரம் முறை சொல்லிய வாக்கியமே அது. அதனை அவன் முன்னமே அறிந்திருந்தான். அறிந்திருந்தான் என்பதை அவனுக்கு எவரும் சொல்லவில்லை.